தெய்வேந்திரமுனையில் எல்லோரும் இறங்க: மலைநாட்டின் வழியே குழுவாகச் சைக்கிளில் செல்வோருக்கு

பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைவரை, அதாவது இலங்கையின் வடமுனையிலிருந்து தென்முனைவரை, சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இளைஞர் கழகங்களிலும் பழைய மாணவர் வட்டங்களிலும் அடிக்கடி கிளம்புகிறது. கரையோரமாகச் சென்றால் மேடு பள்ளம் இல்லாமலே முடித்துவிடலாம். ஆயினும் பண்டாரவளையில் என் வீட்டுக்கு வழி கேட்டு வருகிற குழுக்கள் எல்லாம் நாட்டின் நடுவே கண்டி, நுவரெலியா, எல்ல என்று மலையேறி இறங்கவே விரும்புகின்றன. நானும் அந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒன்பது பேர் புறப்பட்டு ஏழு பேர்தான் கடலைக் கண்டோம். விடுபட்ட இருவரும் மலைநாட்டில்தான் விடுபட்டார்கள், அதற்குக் காரணம் அவர்களுடைய கால்கள் அல்ல, எங்களுடைய திட்டம்.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கணக்கில்தான் எழுதப்படுகிறது: குழுவின் கடைசி ஆள் வந்து சேரும்போதுதான் பயணம் முடிகிறது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதை நமக்கு முன்பே அறிந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் முதியவர்களும் இருப்பார்கள், வேலும் கூட்டமும் அவர்களுடைய நடைக்கு இசைந்தே நகரும். சைக்கிள் குழுவில் வேகமானவருக்கு ஏற்பத் திட்டம் போடுவதே வழக்கமாகிவிட்டதால்தான் பாதி வழியில் ஆட்கள் பேருந்து ஏறுகிறார்கள்.

முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள்

நான் சொல்லும் வழி, பருத்தித்துறையிலிருந்து ஏ-9 வீதியில் கண்டி, அங்கிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியே ஏ-5 வீதியில் நுவரெலியா, பின்பு வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, அதன்பின் திஸ்ஸமஹாராம, ஹம்பாந்தோட்டை, தங்காலை, முடிவில் தெய்வேந்திரமுனை என்று அமையும். மொத்தத் தூரம் எழுநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. புதியவர்கள் இதை ஏழால் வகுத்து, நாளுக்கு நூறு கிலோமீற்றர், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று எழுதிவைக்கிறார்கள். வன்னிச் சமவெளியில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். கம்பளையைத் தாண்டியதும் அது கிழிந்துவிடும்.

மலையில் தூரத்தை அல்ல, உயரத்தையே எண்ண வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே 77 கிலோமீற்றர் என்றாலும், கம்பளைவரை வீதி பெரிதாக உயர்வதில்லை, ஏற்றம் முழுவதும் அதற்கு அப்பாலுள்ள ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. சுமையோடு ஏறும் புதியவர் ஒருவர் மணிக்கு ஏழு கிலோமீற்றர் போனால் நல்ல வேகம்தான். அப்படியென்றால் மிதிக்கும் நேரம் மட்டுமே எட்டு மணித்தியாலம், இளைப்பாறலும் சாப்பாடும் சேர்ந்தால் இருட்டிவிடும். எனவே இந்த ஏற்றத்தை இரண்டு நாளாகப் பிரித்து, இடையில் புசல்லாவையிலோ ரம்பொடையிலோ தங்குங்கள்.

நான் இப்போது பரிந்துரைக்கும் அட்டவணை இதுதான். பருத்தித்துறையிலிருந்து கண்டிவரை நான்கு நாட்கள், கண்டியில் ஒரு நாள் ஓய்வு, நுவரெலியா ஏற இரண்டு நாட்கள், அங்கிருந்து பண்டாரவளைக்கு ஒரு நாள், எல்ல வழியாக வெல்லவாயவுக்கு ஒரு நாள், திஸ்ஸமஹாராமவுக்கு ஒரு நாள், தங்காலைக்கு ஒரு நாள், கடைசி நாள் காலையில் தெய்வேந்திரமுனை. இது பன்னிரண்டு நாள். பதின்மூன்றாவது நாள் ஒன்றைக் கையிருப்பில் வைத்து, அதை நுவரெலியாவில் செலவழிக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மழையோ காய்ச்சலோ உடைந்த கரியரோ அந்த நாளை எப்படியும் கேட்டு வாங்கிவிடும்.

எந்த மாதம்

மலைநாட்டில் மழை இரு பக்கமிருந்து வருகிறது. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று அட்டன், தலவாக்கலை, ரம்பொடைப் பக்கத்தை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரிவரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளைப் பக்கத்தை நனைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எந்தப் பக்கமும் தப்புவதில்லை, பின்னேரமானால் இடியோடு கொட்டும். கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் மலைநாட்டு வீதிகள் பல இடங்களில் அறுந்து போயின. இந்த இரு மாதங்களிலும் நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் புறப்பட வேண்டாம் என்பதே என் முடிவு.

பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் இறுதிவரை இரு சரிவுகளுக்கும் பொருந்தும். ஏப்ரலில் வானம் நன்றாக இருந்தாலும், புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கிறது. அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரட்டிப்பாகியிருக்கும், வீதியில் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். எந்த மாதமானாலும் புறப்படும் நாளன்று காலையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். அதோடு, போகும் வழியிலுள்ள ஊர்க் கடைக்காரர் ஒருவரையும் கேளுங்கள். வீதியில் நேற்று இரவு மரம் விழுந்ததை அவர்தான் முதலில் அறிவார்.

சைக்கிளும் சுமையும்

கியர் இல்லாத சைக்கிளில் இந்த மலையை ஏறியவர்கள் உண்டு. பாண் விற்பவரும் மீன் விற்பவரும் அவ்வாறான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதை நாம் தினமும் காண்கிறோம். ஆனால் பன்னிரண்டு நாள் பயணத்துக்கு அது முழங்காலைக் கொல்லும் வேலை. பின்சக்கரத்திலுள்ள மிகப் பெரிய பற்சில்லில் 32 அல்லது 34 பற்கள் இருக்கும்படியும், முன்பக்கத்தில் சிறிய சில்லு ஒன்று இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, விலை உயர்ந்த புதிய சைக்கிளுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்து பிரேக். புதிய பிரேக் கட்டைகளைப் போட்டுக்கொண்டு புறப்படுவதோடு, ஆளுக்கு ஒரு சோடி மேலதிகமாகவும் எடுத்துச் செல்லுங்கள். வெலிமடை இறக்கமும் வெல்லவாய இறக்கமும் மழையில் நனைந்த கட்டைகளை எவ்வளவு விரைவாகத் தேய்த்துவிடும் என்பதை, கட்டையின் உள்ளிருக்கும் இரும்பு ரிம்மில் உரசிக் கீச்சிடும்போதுதான் நான் முதன்முதலில் தெரிந்துகொண்டேன். சக்கரக் கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பிரேக் வயர் எங்காவது நாராகப் பிரிந்திருக்கிறதா என்பதைக் கண்டி ஓய்வு நாளில் ஒரு கடையில் காட்டிப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் கம்பளைக்கு மேலே நல்ல கடை கிடைக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முதுகில் பை வேண்டாம், எல்லாம் கரியரில் இருக்கட்டும், ஏழு கிலோவுக்கு மேல் போனால் எதையாவது வீட்டில் விடுங்கள். குளிருக்கான உடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள் வெயிலை மனத்தில் வைத்துப் பை கட்டுகிறார்கள். நுவரெலியாவில் பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். குல்லா ஒன்றும் கையுறை ஒரு சோடியும் கட்டாயம். கையுறை அழகுக்கு அல்ல: விரல் விறைத்துப் போனால் பிரேக்கை இழுக்க முடியாது. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வதைப் போல, ஒரு துண்டுப் பொலித்தீனை நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையில் செருகிக்கொண்டால் இறக்கத்தில் குளிர்காற்று உள்ளே புகாது. பழைய செய்தித்தாளும் அதே வேலையைச் செய்யும்.

குழுவின் ஒழுங்கு

ஆறு முதல் பத்துப் பேர்வரை நல்ல எண்ணிக்கை. அதற்கு மேலானால் இரண்டு குழுவாகப் பிரிந்து, அரை மணித்தியால இடைவெளியில் செல்லுங்கள். முன்னால் செல்பவர் வழி தெரிந்தவராக இருக்க வேண்டும், வேகமானவராக இருக்கத் தேவையில்லை. கடைசியாகச் செல்பவர்தான் குழுவின் உண்மையான தலைவர். அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. பம்ப், ஒட்டுப் போடும் சாமான், ஒரு மேலதிக டியூப், மருந்துப் பெட்டி ஆகியவை அவரிடமே இருக்க வேண்டும். முன்னால் போகிறவருக்குப் பஞ்சரானால் கடைசி ஆள் எப்படியும் அவரிடம் வந்து சேருவார், கடைசி ஆளுக்குப் பஞ்சரானால் முன்னால் போனவர் திரும்பி மலையேறி வரமாட்டார். சாமான் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சந்திகளில் நிற்பது பற்றி எல்லாக் குழுக்களும் பேசி வைக்கின்றன. பேசாமல் விடும் ஒன்று உண்டு. முன்னால் போனவர்கள் ஒரு கோயிலடியில் இறங்கி, தேநீர் குடித்து, இருபது நிமிடம் இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருகிறார். அவர் முகத்தைக் கண்டதும் "சரி, எல்லோரும் வந்தாச்சு, போவோம்" என்று இவர்கள் எழும்பிவிடுகிறார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே இல்லை, குறைவாகக் களைத்தவருக்கு இரட்டை ஓய்வு. எங்கள் முதற் பயணத்தில் தலவாக்கலையைச் சேர்ந்த ஆசிரியை அக்கா ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. கண்டியிலிருந்து ஆறு தரிப்பிடங்கள், ஆறிலும் அவர் வந்து சேர்ந்த மறுநிமிடம் நாங்கள் புறப்பட்டோம். புசல்லாவையில் சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நீங்க போங்க தம்பி, நான் பஸ்ஸுல வந்துர்றேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு வந்து சேர்ந்தவர் மறுநாள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி இருக்கிறது: நேரத்தைக் கடைசி ஆள் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகே எண்ணத் தொடங்குகிறோம். அவர் இறங்கிப் பத்து நிமிடம் ஆகும்வரை எவரும் தலைக்கவசத்தைத் தொடுவதில்லை. புறப்படச் சொல்பவரும் அவரே.

இன்னொன்றையும் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் ஒரு துண்டு வழியை லொறியில் ஏறிக் கடந்தால், அவர் பயணத்தை முடித்தவராகக் கணக்கில் வருவாரா? வருவார் என்று முன்கூட்டியே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால், காய்ச்சலோடும் வீங்கிய முழங்காலோடும் ஒருவர் வீம்புக்கு மிதித்துக் கெடுத்துக்கொள்ள மாட்டார். மறுநாள் சுகமாகி மீண்டும் சேர்ந்துகொள்வார். மரக்கறி லொறிச் சாரதிகள் வெறும் வண்டியோடு திரும்பும்போது சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொள்ளத் தயங்குவதில்லை. தேநீர்ச் செலவுக்காவது ஏதாவது கொடுங்கள்.

ஏற்றம்: கம்பளையிலிருந்து நுவரெலியா

காலை ஆறு மணிக்குச் சைக்கிள் உருள வேண்டும். மலையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மழையும் மூடுபனியும் எப்போதும் வரலாம், ஆகவே ஒரு மணிக்குள் அன்றைய தங்குமிடத்தில் இருப்பதையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் குழுவாக ஒட்டிக்கொண்டு செல்ல முயல வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு உண்டு, அதை மாற்றினால் அரை மணித்தியாலத்தில் ஆள் சோர்ந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள். குறைக்கக் கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். செங்குத்தான வளைவில் மணிக்கு ஐந்து கிலோமீற்றரில் தள்ளாடிக்கொண்டு மிதிப்பவருக்கும் நான்கு கிலோமீற்றரில் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கும் இடையே ஒரு மணித்தியாலத்தில் வரும் வித்தியாசம் ஒரு கிலோமீற்றர்தான். நடப்பவருடைய முழங்கால் மறுநாளும் வேலை செய்யும்.

கொண்டை ஊசி வளைவுகளில் உட்புறம் மிகச் செங்குத்தாக இருக்கும். வாகனம் வராதபோது இடப்பக்கத்துக்குள்ளேயே சற்று வெளியே அகன்று வளைந்தால் ஏறுவது எளிது. ஆனால் நீண்ட பேருந்துகளுக்கு வளைவில் வீதி முழுவதும் தேவைப்படும். ஹோர்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னுள்ள நேர்பகுதியிலேயே ஓரங்கட்டி இறங்கி நின்று, அது போன பிறகு ஏறுங்கள். ஓரத்திலுள்ள கானை, அதாவது மழைநீர் வடிகாலை, பார்த்துக்கொள்ளுங்கள்: புல் மூடிக்கிடப்பதால் நிலம் போலத் தோன்றும், கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். ரம்பொடையில் வீதி ஒரு சுரங்கவழிக்குள் புகுந்து வெளியேறுகிறது. அதன் வாயிலில் எல்லோரும் கூடி, முன்விளக்கும் பின்விளக்கும் ஏற்றிக்கொண்டு ஒன்றாகக் கடப்பது நல்லது. அங்கேயே நீர்வீழ்ச்சி தெரிவதால் ஓய்வுக்கும் பொருத்தமான இடம்.

சாப்பாட்டை ஒரே நேரத்தில் வயிறு நிறைய உண்ணாமல், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறிதாக உண்ணுங்கள். தோட்டத்து ரொட்டியும் கட்டசம்பலும் வாழைப்பழமும் எனக்கு எந்த விலையுயர்ந்த சக்தி உணவையும்விட நன்றாக வேலை செய்திருக்கின்றன, ரொட்டி ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், நசுங்கினாலும் கெடாது. குளிர்வதால் தாகம் தெரியாது, ஆனாலும் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள் பொதி ஒன்றைக் காலையில் கரைத்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள்.

லபுக்கலைப் பக்கம் வந்தால் இருபுறமும் தேயிலைதான். தண்ணீருக்காகத் தோட்டப் பாதைக்குள் போக நேர்ந்தால், முதலில் தென்படும் கங்காணியிடமோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், அவர்கள் அங்கே நாட்சம்பளத்துக்காக நிற்கிறார்கள், அந்த நேரத்தில் அவர்களுடைய கவனம் கிலோக் கணக்கில் இருக்கும். மழைக்குப் பின் புல்லில் உட்கார்ந்தால் அட்டை ஏறும். உப்போ சவர்க்காரமோ தடவினால் விழுந்துவிடும், பிய்த்து எடுக்காதீர்கள்.

நுவரெலியாவில்

வந்தவுடன் ஈர உடையை மாற்றிக்கொள்ளுங்கள். ஊர் சுற்றுவது அதற்குப் பிறகு. அன்று மாலை செய்ய வேண்டிய முக்கியமான வேலை, ஒவ்வொருவருடைய பிரேக் கட்டையையும் கடைசி ஆள் தன் கையால் பார்ப்பது. ஏறி வந்ததால் எல்லோருக்கும் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்திருக்கும். காயங்கள் பெரும்பாலும் மறுநாள் இறக்கத்தில்தான் நேர்கின்றன என்று அன்றிரவே சொல்லிவிடுங்கள்.

இறக்கம்: ஹக்கலை முதல் வெல்லவாயவரை

நுவரெலியாவிலிருந்து வெலிமடைவரை வீதி எழுநூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறது. பின்பு பண்டாரவளைக்காகச் சற்று ஏறி, எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றருக்குள் மீண்டும் எண்ணூறு மீற்றர் விழுகிறது. இந்த இரண்டு இறக்கங்களும்தான் மலைநாட்டில் கற்றுக்கொள்ள வேண்டியவை.

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கட்டை உரச உரச ரிம் சூடேறுகிறது, அந்தச் சூடு உள்ளே இருக்கும் காற்றுக்கும் டியூபுக்கும் போகிறது. முதலில் கட்டையின் பிடிப்புக் குறையும், பிறகு டியூப் வெடிக்கும். ஆகவே நேர்பகுதியில், வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். வளைவின் நடுவில் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். பிட்டத்தைச் சீற்றின் பின்பக்கம் நகர்த்தி, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, வீதியில் நீங்கள் போக வேண்டிய இடத்தையே பாருங்கள், பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் பள்ளத்தையே நோக்கும். மழை பெய்தால் முதல் சில சுற்றுக்குப் பிரேக் பிடிக்காது. மெல்ல மெல்லத் தொட்டு ரிம்மிலுள்ள நீரைத் துடைத்த பின்பே அது பிடிக்கும், அதற்கான தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று, ரிம்முக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடும் முன்பே சூடு சுட்டால் பத்து நிமிடம் ஆற விடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் தகட்டைத் தொடவே வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். முதல் தரிப்பிடமாகச் சீத்தா எலியவிலுள்ள சீதை அம்மன் கோயிலை வைத்துக்கொள்ளலாம். வீதியோரத்திலேயே இருக்கிறது, எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

இருவருக்கு இடையே குறைந்தது இருபது மீற்றராவது இருக்கட்டும். இறக்கத்தில் எவரையும் முந்த வேண்டாம். கடைசி ஆளுக்கு முன்னால் போகிறவரைக் கடைசி ஆள் எப்போதும் கண்ணில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்றத்தைவிட இங்கேதான் முக்கியம். எங்கள் இரண்டாவது பயணத்தில் இந்த விதி உடைந்தது. கடைசியாக வர வேண்டியவர் ஹக்கலையில் மலையைப் படம் பிடிக்கும் ஆசையில் முன்னே போய்விட்டார். பின்னால் தனியாக வந்த தம்பிக்கு, பிரேக்கை இறுகப் பிடித்து வந்த சூட்டில் முன்டியூப் வெடித்தது. நாங்கள் கெப்பட்டிபொலவில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது மரக்கறி லொறி ஒன்று நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "மேல ஒரு தம்பி கானுக்குள்ள உழுந்து கெடக்குறாரு, ஒங்க ஆளா?" என்று கேட்டார். நல்ல வேளையாக முழங்கையும் தாடையும் மட்டுமே உரசியிருந்தன. கானின் மறுபக்கம் அன்று பள்ளமாக இல்லாமல் மண்மேடாக இருந்தது. அவரைக் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வரும். எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லிலுள்ள இலக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் மனத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உதவும்.

எல்லவிலிருந்து இறங்கும் வீதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அழகானது, இராவணன் நீர்வீழ்ச்சி வீதியின் ஓரத்திலேயே விழுகிறது. அதனாலேயே ஆபத்தும் அதிகம்: உல்லாசப் பயணிகளின் வான்கள் வளைவுகளில் நிற்கும், படம் எடுப்போர் வீதியில் பின்னோக்கி நடப்பார்கள், குரங்குகள் குறுக்கே பாயும். 2025 செப்டெம்பரில் இதே வீதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். காலை ஏழு மணிக்குள் எல்லவைவிட்டுப் புறப்பட்டால் வான்கள் வருவதற்குள் நீர்வீழ்ச்சியைக் கடந்துவிடலாம். ஒன்பது மணிக்கு வெல்லவாயவில் நிற்கும்போது கையுறையையும் குல்லாவையும் கழற்றிப் பைக்குள் வைப்பீர்கள், வெப்பம் அதற்குள் முகத்தில் அறைந்திருக்கும்.

வெல்லவாயவுக்குப் பின்

இனி மலை இல்லை. வெயிலும் காற்றும் யானையும் உண்டு. தணமல்வில, லுணுகம்வெஹெரப் பக்கம் யானைகள் வீதிக்கு வருவதால் விடியலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் சைக்கிளில் இருக்க வேண்டாம். யானை நின்றால் வாகனங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நில்லுங்கள். திஸ்ஸமஹாராமவில் தங்கும் அன்று, விரும்புவோர் கதிர்காமம் போய் வரலாம். கால் வலிப்பவர் அறையில் படுத்திருக்கட்டும், அதற்காக எவரும் குறைகூற வேண்டாம்.

கடைசி நாள்

தங்காலையிலிருந்து முனைவரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். கடல் தெரிந்ததும் இளையவர்கள் பாய்ந்து போவார்கள். கரையோர ஏ-2 வீதியில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதால், பன்னிரண்டு நாள் வராத விபத்து கடைசி ஐந்து கிலோமீற்றரில் வரக்கூடும். தெய்வேந்திரமுனைச் சந்திக்கு முன்பே நின்று எல்லோரும் கூடுங்கள். அங்கிருந்து கடைசி ஆளை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவர் பின்னால் செல்லுங்கள். எங்கள் மூன்றாவது பயணத்தில், முதற் பயணத்தில் புசல்லாவையில் நின்றுபோன அந்த அக்காவே மீண்டும் வந்திருந்தார், கலங்கரை விளக்கின் வாயிலில் முதலில் காலூன்றியவர் அவர்தான். பிரித்தானியர் காலத்தில், 1890 அளவில் கட்டிமுடிக்கப்பட்ட அந்த விளக்கு 49 மீற்றர் உயரம், வெள்ளை நிறம், தூரத்திலிருந்தே தெரியும்.

படம் எடுத்து முடிந்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பொதுக்கணக்கைத் தீர்த்துவிடுங்கள். வீடு போன பிறகு தீர்க்கலாம் என்று விட்ட கணக்கு, எங்களுக்குள் ஒரு வருடம் இழுபட்டது. சைக்கிள்களை ஊருக்கு அனுப்ப மாத்தறையில் லொறி பேசுவதானால் இரண்டு நாளுக்கு முன்பே தொலைபேசியில் பேசிவையுங்கள். புகையிரதத்தில் பொதியாக அனுப்புவதானால் மாத்தறை நிலையத்துக்குக் காலையிலேயே போய், எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடு சேர்ந்த அன்றே நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். முனையில் அரைமணித்தியாலம் நின்றாலே உப்புக்காற்று படிந்துவிடும், ஒரு வாரம் விட்டால் செயின் சிவந்துபோகும்.